பேயைக் கேட்டீர்கள், வாரிசைக் கேட்டீர்களா?

"பாய், இந்த வீடு உங்களை மாதிரி ஆளுக்குத்தான் சரிப்பட்டு வரும். உங்களுக்குத்தான் பேய் பிசாசு, வாஸ்து, சகுனம் எதுவும் கிடையாதே!"

சென்ற மாதம் அபிராமபுரத்தில் ஒரு பழைய தனி வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஒரு புரோக்கர் இப்படிச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர் மண்ணடியில் இரும்பு வியாபாரம் செய்யும் ஒரு பெரியவர். துணைக்கு என்னை அழைத்துப் போயிருந்தார். அந்த வட்டாரத்தில் ஒரு கிரவுண்டு என்ன விலை போகும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு அதில் பாதிக்குச் சற்று மேல்தான் கேட்டார்கள். காரணத்தைப் புரோக்கரே மறைக்காமல் சொன்னார். அந்த வீட்டில் ஒரு பெண் தூக்கு மாட்டி இறந்து போயிருக்கிறாள். அதற்குப் பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லாம் விஷயம் தெரிந்ததும் திரும்பிப் போய்விட்டார்கள்.

பெரியவருக்கு ஒரே பெருமிதம். "அல்லாஹ்வுக்கு அஞ்சுகிறவனுக்குப் பேய் பயம் ஏது தம்பி?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சகோதரர்களே! அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூர், அபிராமபுரம், மந்தைவெளிப் பக்கம் வாடகைக்கு வீடு தேடி அலைந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். போனில் பெயரைச் சொன்னதும் வீடு "இப்பத்தான் முடிஞ்சிடுச்சு". சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் என்பார்கள். நீங்கள் சைவமே சாப்பிட்டாலும் வேறு காரணம் வரும். ஆனால் தூக்கு மாட்டிய வீடு என்றால் மட்டும் புரோக்கருக்கு பாய் ஞாபகம் வருகிறது! பேய் குடியிருந்தாலும் பரவாயில்லை, பாய் குடியிருக்கக் கூடாது என்பது ஒரு காலம். இப்போது பேயை விரட்ட பாய் வேண்டியிருக்கிறது.

டிமான்டி காலனியில் என்ன இருந்தது?

அபிராமபுரத்தையும் ஆழ்வார்ப்பேட்டையையும் ஒட்டி ஒரு டிமான்டி காலனி உண்டு. 2015-ல் அந்தப் பெயரில் சினிமா வந்தது. 2024-ல் இரண்டாம் பாகமும் வந்தது. இன்று தமிழ்நாட்டில் பேய் வீடு என்றதும் இளைஞர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். மனைவிக்குச் சித்தம் கலங்கியது, மகன் செத்தான், அவர் ஆவி அலைகிறது என்று கதைக்குக் குறைவில்லை.

சரித்திரம் என்ன சொல்கிறது? ஜான் டிமான்டி போர்ச்சுகீசிய வம்சாவளியில் வந்த ஒரு வியாபாரி. சென்னையில் பெயர் பெற்ற ஆர்பத்நாட் கம்பெனியில் பங்குதாரராக இருந்தவர். 1821-ல் இறந்தார். தன் சொத்துக்களைக் கத்தோலிக்கத் திருச்சபைக்கு எழுதி வைத்தார். அவ்வளவுதான்! ஒரு மனிதர் சம்பாதித்தார், இறந்தார், சொத்தைத் தர்மத்துக்கு விட்டார். நம் பாஷையில் சொன்னால் வக்ஃப் செய்தார். பிற்காலத்தில் அங்கே வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டார்கள். குடியிருந்தவர்கள் போன பிறகு சில வீடுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டிய வீட்டில் புதர் மண்டும், வவ்வால் தங்கும், ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளும். பட்டணத்தின் நடுவில் ஒரு தெருவே இருட்டாகக் கிடந்தால் அங்கே கதை முளைக்காமல் என்ன செய்யும்?

வீட்டில் சாவு நடந்தது என்பதற்காக வீடு கெட்டுவிடுமா? நம் பாட்டன் பூட்டன் எல்லாம் எங்கே இறந்தார்கள்? ஆஸ்பத்திரியிலா? பிறந்த அறையிலேயே பிறந்து, அதே அறையில் மௌத்தானவர்கள் எத்தனை பேர்! டெல்லி புராரியில் 2018 ஜூலை 1-ல் ஒரே குடும்பத்தில் 11 பேர் ஒரே வீட்டில் பிணமாகக் கிடந்தார்கள். நாடே அதிர்ந்தது. அந்த வீட்டையும் பிறகு ஒருவர் வாடகைக்கு எடுத்து ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தினார். ஜனங்கள் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நபி (ஸல்) அவர்கள் சகுனம் பார்ப்பதை ஒழித்துக்கட்டினார்கள். கொலையுண்டவனின் ஆவி ஆந்தையாக வந்து அலறும் என்று அரபிகள் நம்பிக்கொண்டிருந்ததையும் இல்லை என்று அடித்துச் சொன்னார்கள். இது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்திருந்தும் புது வீட்டுக்குப் போகுமுன் பால்கிதாபு பார்க்கிறவர்களும், நான்கு மூலையிலும் தகடு புதைக்கிறவர்களும் நம்மில் இல்லையா? அடுத்தவர் வாஸ்துவைக் கேலி செய்ய நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது! இது இருக்கட்டும், நம் விஷயத்துக்கு வருவோம்.

விற்கிறவன் வாயும் வாங்குகிறவன் வாயும்

பேய் இல்லை. ஆகவே விற்கிறவன் எதையும் சொல்லத் தேவையில்லை என்று சிலர் சட்டம் பேசுகிறார்கள். அது தவறு.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து நயாக் என்ற ஊரில் ஒரு வழக்கு நடந்தது. ஒரு அம்மாள் தன் வீட்டில் ஆவிகள் இருப்பதாகப் பத்திரிகைகளுக்கெல்லாம் பேட்டி கொடுத்துப் பெயர் வாங்கினார். பிறகு அந்த வீட்டை வெளியூர்க்காரர் ஒருவருக்கு மூச்சு விடாமல் விற்றார். வாங்கியவர் கோர்ட்டுக்குப் போனார். 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை ஒப்பந்தத்திலிருந்து விடுவித்தது. சட்டத்தின் பார்வையில் இந்த வீடு பேய் வீடுதான் என்றுகூடத் தீர்ப்பில் எழுதினார்கள். நீதிபதிகளுக்குப் பேய் நம்பிக்கை வந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். ஊருக்கெல்லாம் பேய் இருக்கிறது என்று நீயே சொல்லிவிட்டு, வாங்குகிறவனிடம் மட்டும் வாயை மூடிக்கொண்டாயே, அது என்ன நியாயம் என்பதுதான் வழக்கு. ஜப்பானில் 2021-ல் அரசே நெறிமுறை வகுத்துவிட்டது. முதுமையில் இயற்கையாக இறந்தால் சொல்ல வேண்டியதில்லை. கொலை, தற்கொலை என்றால் வாடகைக்கு வருகிறவரிடம் சுமார் 3 ஆண்டு வரை சொல்ல வேண்டும்.

நாம் ஜப்பானுக்குப் போக வேண்டியதே இல்லை. மதீனத்துக் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே இருந்த ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்ட நபியின் உம்மத் நாம். மேலே காய்ந்ததும் கீழே நனைந்ததும் வைத்து விற்பவன் நம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்பது ஒவ்வொரு ஜும்ஆவிலும் நாம் கேட்கிற செய்தி. ஈரக் கோதுமைக்கே இந்தக் கண்டிப்பு என்றால், ஒருவன் ஆயுள் சம்பாத்தியத்தைக் கொட்டி வாங்கும் வீட்டுக்கு?

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. வாங்குகிறவன் செய்யும் மோசடி! விதவை ஒருத்தி வீட்டை விற்கப் போடுகிறாள் என்று வையுங்கள். நாலு புரோக்கர்கள் சேர்ந்து டீக்கடையில், அந்த வீட்டில் ராத்திரி சத்தம் கேட்கிறதாம் என்று ஒரு வார்த்தை விட்டால் போதும். ஆறு மாதத்தில் விலை இறங்கிவிடும். ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் நகரத்து வியாபாரிகளைக் கண்டித்தது அளவையில் மோசம் செய்ததற்காக மட்டுமா? மக்களின் பொருளுக்கு மதிப்பைக் குறைத்ததற்காகவும்தான். பேய் இல்லை என்று தெரிந்தவனே பேய்க் கதையைக் காட்டி விலையைப் பாதியாக்கினால், அவனைவிட நம்பி நடுங்குகிறவன் மேல்.

எங்கள் பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் முகம் சற்று மாறியது. "நானா தம்பி கதை கட்டினேன்? அவன் சொன்ன விலைதானே!" என்றார். அது நியாயமான பதில்தான். நான் மேலே பேசவில்லை. புரோக்கரிடம் பத்திர நகல்களை வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

இனிதான் விஷயமே இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவு விற்கிறவனுக்குச் சில கடமைகளை விதிக்கிறது. வாங்குகிறவன் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரியாத, விற்கிறவனுக்கு மட்டுமே தெரிந்த முக்கியமான குறை எதையும் அவன் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்றே அந்தப் பிரிவு சொல்கிறது. அந்த வீட்டில் யாராவது செத்தார்களா என்று அது பெயர் சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் விற்கிறவனின் உரிமையில் குறை உண்டா என்பதைப் பெயர் சொல்லியே கேட்கிறது. ஊரோ தலைகீழாக இருக்கிறது. சாவைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள். உரிமையைக் கேட்பதில்லை.

அபிராமபுரத்து வீட்டின் தாய்ப் பத்திரம் ஒரு ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர் பெயரில் இருந்தது. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். மனைவி முன்பே காலமாகிவிட்டார். ஒரு மகன், ஒரு மகள். வாரிசுச் சான்றில் இரண்டு பெயரும் இருக்கின்றன. விற்க வந்திருப்பவர் மகன் ஒருவர்தான்.

"மகள் எங்கே?" என்று புரோக்கருக்குப் போன் போட்டேன்.

"அதான் சார் செத்துப் போச்சே! அந்த வீட்டிலே தூக்கு மாட்டினது அதுதானே. இனிமே இவர் ஒருத்தர்தான்."

கவனித்தீர்களா சகோதரர்களே? பேயாக ஊரெல்லாம் பயந்தார்களே, அவள்தான் அந்த வீட்டின் பாதிக்குச் சொந்தக்காரி!

அவள் இறந்தால் அவளுடைய பாதி அண்ணனுக்கு வந்துவிடுமா? இந்து வாரிசுரிமைச் சட்டம் 15-ஆம் பிரிவின்படி இறந்த பெண்ணின் சொத்து முதலில் அவள் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் போகும். பிள்ளை உண்டா என்று கேட்டேன். சிறிது நேரம் போனில் பேச்சு இல்லை. "ஒரு பையன் இருக்கான் சார். அவங்க அப்பா வீட்டோட போயிட்டான். அவங்க வரமாட்டாங்க, அதெல்லாம் பிரச்சினை இல்லே." வயது? பதினொன்று.

பதினொரு வயதுப் பையனின் பங்கை மாமன் விற்க முடியாது. பெற்ற தகப்பனே விற்பதென்றாலும், 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் 8-ஆம் பிரிவின்படி நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் தகப்பன் விற்றிருந்தால், பையன் 18 வயது ஆன பிறகு 3 ஆண்டுக்குள் வழக்குப் போட்டு அதை ரத்து செய்யலாம். இங்கே தகப்பன்கூட விற்கவில்லை. தனக்கு இல்லாத பங்கை மாமன் விற்கிறான். அந்தப் பங்கைப் பொறுத்தவரை அது விற்பனையே அல்ல.

ஈசி எடுத்துப் பார்த்தோம். முப்பது வருஷத்துக்குச் சுத்தமாக இருந்தது. இருக்கத்தானே செய்யும்? பதிவு செய்த பத்திரம் மட்டும்தான் வில்லங்கச் சான்றில் வரும். சாவு வராது. சாவுக்குப் பின்னால் நிற்கும் சிறுவன் வரமாட்டான். கடைக்கு வாங்கும் ஒரு டன் கம்பியில் பத்து கிலோ குறைந்தால் தராசைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகும் வியாபாரிகள், கோடிக்கணக்கில் வீடு வாங்கும்போது ஈசியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள்!

இந்த ஊரிலேயே பெரிய உதாரணம் கண்ணுக்கு முன் நிற்கிறது. சேப்பாக்கம் அரண்மனையைப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிறீர்கள். நவாப் முஹம்மது அலி வாலாஜா கட்டிய மாளிகை அது. 1855-ல் நவாப் குலாம் முஹம்மது கௌஸ் கான் நேர் வாரிசின்றி இறந்தார். சிறிய தகப்பனார் ஆஸிம் ஜா உயிரோடு இருந்தார். வெள்ளையன் அவருடைய உரிமையை ஏற்கவில்லை. நவாப் பட்டத்தையே ஒழித்தான். கடனை அடைக்க என்று சொல்லி அரண்மனையை ஏலத்துக்குக் கொண்டுவந்தான். ஏலத்தில் எடுத்தது யார்? அதே வெள்ளைக்கார அரசாங்கம்! பின்னாளில் அந்தக் குடும்பத்துக்கு ராயப்பேட்டையில் அமீர் மஹால் கிடைத்தது. சேப்பாக்கத்து மாளிகையில் இன்றும் அரசு அலுவலகங்கள் நடக்கின்றன. அதைப் பேய் வீடு என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சென்னையில் அதைவிடக் கறை படிந்த வீட்டு விற்பனை எது?

இலங்கையில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 1990 அக்டோபர் 30-ல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து மொத்தம் சுமார் 75,000 பேர் கட்டிய துணியோடு போனார்கள். சோனகத் தெருவின் வீடுகள் திறந்து கிடந்தன. கதவும் ஓடும்கூடப் பிடுங்கிப் போனார்கள். திரும்ப முடியாது என்று தெரிந்த பலர் பின்னர் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அந்நாட்டுச் சட்டப்படி பத்தாண்டு அனுபவத்தில் இருந்தால் நிலத்துக்கு உரிமை கோரலாம். துரத்தப்பட்டவன் எப்படிப் பத்தாண்டுக்குள் வழக்குப் போடுவான்? அதற்காக 2016-ல் தனியாக ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த வீடுகளை வாங்கியவர்களும் பத்திரம் வைத்திருப்பார்கள். முத்திரைத் தாளும் கையெழுத்தும் சரியாகத்தான் இருக்கும்.

நம் வீட்டுப் பத்திரம்

புலியையும் வெள்ளையனையும் பேசுவது சுலபம். ரத்தம் சூடேறும். கைதட்டல் கிடைக்கும். நம் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பேசுவோமா?

பெண்ணுக்குச் சொத்துரிமை கொடுத்த மார்க்கம் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். பூர்வீகச் சொத்தில் இந்துப் பெண்ணுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-ல்தான், நமக்கோ 1400 ஆண்டுகளுக்கு முன்பே என்று மார்தட்டுகிறோம். உண்மைதான். சட்டம் இருக்கிறது. பங்கு எங்கே? அத்தா மௌத்தாகி நாற்பது நாள் கழிவதற்குள் அக்கா தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறோமே! "உனக்குத்தான் கல்யாணத்துக்கு அவ்வளவு செலவு செய்தாச்சே" என்கிறோம். ஒரு பட்டுச் சேலை, ஒரு ஜோடி வளையல். அவள் வாய் திறந்தால் அண்ணன் வீட்டு வாசல் மூடிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அழுதுகொண்டு போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று எந்த மௌலவி சொல்வார்? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீட்டை மகளுக்கே கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு வேறு விமர்சனங்கள் உண்டு. ஆனால் அங்கே மகள் தெருவில் நிற்பதில்லை.

யத்தீம்களின் கதை இதைவிட மோசம். தகப்பன் போய்விட்டால் தாய் கையெழுத்துப் போட்டு மைனர் பிள்ளைகளின் பங்கையும் சேர்த்து விற்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. முஸ்லிம் சட்டப்படி தாய்க்கு மைனர் பிள்ளையின் அசையாச் சொத்தை விற்க அதிகாரம் இல்லை என்று இமாம்பாந்தி வழக்கில் பிரிவி கவுன்சில் 1918-லேயே தீர்ப்பளித்துவிட்டது. நீதிமன்றத்தில் காப்பாளராக நியமனம் பெற்று, அனுமதி வாங்கித்தான் விற்க வேண்டும். நூறு வருஷத்துக்கு மேலாகியும் எத்தனை ஜமாஅத்துகள் இதைச் சொல்லிக் கொடுக்கின்றன? அப்படி விற்ற வீட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடிப்போய் வாங்கியவர்களில் ஐந்து வேளைத் தொழுகையாளிகள் இல்லையா? பேய் இருக்கிறது என்று ஒருவன் சொல்லியிருந்தால் குல் அவூது ஓதிக்கொண்டே உள்ளே போயிருப்பார்கள். யத்தீமின் பொருளைத் தின்பவன் வயிற்றில் நெருப்பை நிரப்புகிறான் என்று ஓதும்போது மட்டும் ஏன் கால் நடுங்குவதில்லை?

மண்ணடிப் பெரியவரிடம் அபிராமபுரத்துக் கணக்கை விளக்கினேன். மாமன் கையெழுத்து மட்டும் போதாது, தகப்பனும் சேர வேண்டும், பையன் பங்குக்குக் கோர்ட் உத்தரவு வேண்டும், பங்குப் பணம் பையன் பெயரில் டெபாசிட் ஆக வேண்டும், அப்படியானால் வாங்குங்கள், தூக்கு மாட்டியது ஒரு குறையே இல்லை என்றேன். புரோக்கரிடம் அதையே சொல்லிப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து அவனே போன் செய்தான்.

"இன்னும் பத்து லட்சம் குறைச்சுக்கறாங்க பாய். கோர்ட்டெல்லாம் வேணாம்."

பெரியவர் வேண்டாம் என்று வைத்துவிட்டார். நான் எழுந்து கிளம்பினேன். "உட்கார் தம்பி" என்றார். கல்லாப்பெட்டிக்குக் கீழே இருந்து ஒரு பழைய ரெக்சின் பையை எடுத்தார். மாயவரம் பக்கத்தில் அவர் அத்தா விட்டுப்போன வீட்டுப் பத்திரம் அதில் இருந்தது. கூடவே 1996-ல் எழுதிய விடுதலைப் பத்திரம் ஒன்று. மூன்று சகோதரிகளின் கையெழுத்து. மூத்த லாத்தா கைநாட்டு வைத்திருந்தார்.

"அப்ப சின்னவளுக்கு ஒரு பவுன் கொடுத்தோம். மத்த ரெண்டு பேருக்கும் சேலை" என்றார். கொஞ்ச நேரம் அந்தக் கைநாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

"நாங்க அண்ணன் தம்பி ரெண்டு, பொம்பளைப் பிள்ளை மூணு. அத்தா மௌத்துக்கு முந்தியே அம்மா மௌத். கணக்குப் போடு."

ஆணுக்கு இரண்டு வீதம் நான்கு, பெண்ணுக்கு ஒன்று வீதம் மூன்று, மொத்தம் ஏழு பங்கு என்று எழுதினேன். இன்றைய விலையில் எழுதச் சொன்னார். 1996 விலையில் வேண்டாம் என்றார்.